வில்ஃபிரட் ஓவன் (1893–1918)

ஆங்கிலப் போர்க்கவிஞர், மான்செஸ்டர் படைப்பிரிவின் அதிகாரி. இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி அருகே பிறந்தவர். முதல் உலகப்போரின்போது, 1915இல் படையில் சேர்ந்தார். போர் அதிர்ச்சிக்கு எடின்பரோவில் சிகிச்சை பெற்றபின், 1918இல் மீண்டும் களம் புகுந்தார். நவம்பர் 4 அன்று, வடபிரான்சின் ஓர்ஸ் சிற்றூரை ஒட்டிய கால்வாயைக் கடக்கும் தாக்குதலில் குண்டடிபட்டு இறந்தார், வயது 25. சாவுச் செய்தி தாயை எட்டியது போர்நிறுத்த நாளான நவம்பர் 11 அன்று என்பது நெஞ்சை அறுக்கும் தகவல்.

கல்லறை ஓர்ஸ் ஊர்ப் பொது மயானத்தின் படைவீரர் பகுதியில், மற்றவர்களுடையதைப் போன்ற எளிய வெண்கல்லாகவே உள்ளது. அதே தாக்குதலில் மடிந்து விக்டோரியா சிலுவை என்னும் வீர விருது பெற்ற ஜேம்ஸ் கிர்க்கும் அங்கேயே துயில்கிறார். ஓவனின் கல்லில் உள்ள வரிகள் அவர் கவிதையிலிருந்து தாய் தேர்ந்தவை. மரணம் வெல்லப்படுமா என்று மகன் அதில் ஐயத்துடன் கேட்டிருந்தார். ஆனால் கல்லில் அந்த இறுதிக் கேள்விக்குறி இல்லாததால், அது மறுமையை உறுதிகூறும் வாக்காக நிற்கிறது.