வாரம் ஒருநாள் மாத்திரை

சிங்கப்பூர்க் கடைகளில் கோழியில் புரட்டும் மார்மைட்டைக் கொண்டு, பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையைக் குணப்படுத்தினார் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ். அது 1931ல் வெளிவந்த செய்தி. அந்த ஈஸ்ட் சாற்றிலும் கீரையிலும் ஈரலிலும் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். 1945ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தது, நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் நடத்திய குழு.

சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்திப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதில் எம்.பி.பி.எஸ். கைநழுவி, எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குச் சகோதரர் இருவரைப் பறிகொடுத்திருந்தார். ஃபோலிக் அமிலம் பிற்பாடு அந்த நோய்க்கும் மருந்தானது.

பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ஃபோலிக் அமிலத்தின் வகைகளை லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்தது. அப்படியானால் அந்தச் சத்தையே தடுத்தால் என்ன? சுப்பாராவ் குழு ஃபோலிக் அமில மூலக்கூறைச் சற்றே மாற்றிப் போலிகளைச் செய்து தந்தது. கள்ளச்சாவி பூட்டுக்குள் சிக்கிக்கொள்வதுபோல, செல்லின் நொதியில் போலி போய் மாட்டிக்கொள்ளும். டிஎன்ஏ உற்பத்தி நின்றுபோகும். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார்: அந்தப் போலிகளில் ஒன்றான அமினோப்டெரின் பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இரண்டே மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். பக்குவமாகக் கையாள முடிந்ததால் அண்ணனை ஓரங்கட்டிவிட்டு நிலைத்தது. சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்குப் போனது, 1988ல் முடக்குவாதத்துக்கும் அமெரிக்க அனுமதி பெற்றது.

இன்று ஜூரோங்கில், 2015ல் திறந்த இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து அது வீவக வீடுகளுக்குப் போகிறது. 2.5 மில்லிகிராம் மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒருநாள் மட்டும் நாலோ ஆறோ. வாய்ப்புண் போன்ற தொல்லைகளைக் குறைக்க, வேறொரு கிழமையில் ஃபோலிக் அமிலம். போலியும் அசலும் ஒரே பையில். இரண்டும் ஒரே கூடத்துச் சரக்கு.

"இது கேன்சர் மருந்தாச்சே" என்று வீட்டில் பதறுவார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, மூட்டுக்குக் கொடுப்பது வேறு. பயப்பட வேண்டியது பெயருக்கு அல்ல, கிழமைக்கு: தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கினால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்து. மருந்தாளர் "எந்தக் கிழமை?" என்று திருப்பித் திருப்பிக் கேட்பது அதற்குத்தான்.