கடலைக் கேட்டவரும் கண்ணாடிப் பெட்டியும்

1782ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து லண்டன் மாநகருக்கு ஓர் இளைஞர் வந்துசேர்ந்தார். பெயர் சார்ள்ஸ் பேர்ன். வயது இருபத்தொன்று. எட்டடிக்கும் மேற்பட்ட உயரமுடையவர் என விளம்பரம் செய்யப்பட்ட அவரைக் காண மக்கள் கட்டணம் செலுத்தித் திரண்டனர். உண்மையில் அவரது எலும்புக்கூட்டின் உயரம் ஏறத்தாழ 7 அடி 7 அங்குலமாகும்.

அந்த உயரம் வரமன்று, நோய். மூளையின் அடியில் பயறளவே பருமனுள்ள கபச்சுரப்பியில் கட்டியொன்று தோன்றினால், வளர்ச்சி ஓமோன் அளவுமீறிச் சுரக்கும். எலும்புகளின் வளர்முனைகள் மூடுவதற்கு முன்னர் இது நேர்ந்தால் உடல் நெடிதாய் வளர்ந்துகொண்டே போகும். மூடிய பின்னர் நேர்ந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை என்பன பருக்கும். இப்பிந்திய நிலையை 1886இல் விபரித்துப் பெயரிட்டவர் பிரெஞ்சு வைத்தியர் பியர் மரி.

பேர்னின் காலத்தில் இவை எதுவும் அறியப்படவில்லை. ஆனால் தமது உடல்மீது சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹன்டர் கண்வைத்திருப்பதை அவர் அறிந்திருந்தார். அதனால், தாம் இறந்ததும் ஈயப்பெட்டியிலிட்டுக் கடலில் அமிழ்த்திவிடுமாறு நண்பர்களிடம் வேண்டிக்கொண்டார். 1783 ஜூன் முதலாம் நாள், 22 வயதில் மரணமானார். ஹன்டர் கையூட்டுக் கொடுத்து உடலைப் பெற்றுக்கொண்டார். தொகை 500 பவுண் எனச் சொல்லப்படுகிறது. பின்னர் அந்த எலும்புக்கூடு ஹன்டரின் நூதனசாலையில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காட்சிப்பொருளாயிற்று.

விஞ்ஞானம் இதனாற் பயன்பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. 1909இல் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹாவி குஷிங் மண்டையோட்டைத் திறந்து, கபச்சுரப்பி இருந்த குழி விரிந்திருப்பதைக் கண்டார். 2011இல் மார்த்தா கோர்போனிட்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் பேர்னின் பற்களிலிருந்து பெற்ற மரபணுவில் ஒரு பிறழ்வைக் கண்டனர். வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிடமும் அதே பிறழ்வு உள்ளது. இதனால் அக்குடும்பத்தவரை முன்கூட்டியே பரிசோதித்து, சத்திரசிகிச்சையாலும் மருந்தாலும் காப்பாற்ற முடிகிறது.

எனினும் நான் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்கிறேன். மரி தமது முடிவுக்கு வந்தது உயிருடனிருந்த நோயாளரைப் பரிசோதித்தே. பேர்னிடம் காணப்பட்ட பிறழ்வுக்குரிய பரம்பரையலகை இந்நோயுடன் முதன்முதலில் தொடர்புபடுத்தியதும், 2006இல் பின்லாந்து நோயாளர் குடும்பங்களிடையே நடந்த ஆய்வுதான். ஆகவே, திருடிய உடலின்றி அறிவு வளர்ந்திராது என்ற வாதம் முழுமையானதன்று. அறிவு கிடைத்தது என்பது, அதைப் பெற்ற வழியை நியாயப்படுத்தவும் மாட்டாது.

2023 ஜனவரியில், எலும்புக்கூட்டை இனிக் காட்சிக்கு வைப்பதில்லை என நூதனசாலை அறிவித்தது. ஆனால் அது கடலுக்குச் செல்லவில்லை. எதிர்கால ஆய்வுக்கெனப் பாதுகாக்கப்படும் என்றனர். கண்ணாடிப் பெட்டியிலிருந்து அகற்றியது பார்வையாளரின் கூச்சத்தைத் தீர்க்கலாம். பேர்ன் கேட்டதோ வேறு. வறிய இளைஞர் ஒருவர் தமது உடலைப்பற்றிச் சொன்ன இறுதிச் சொல்லுக்கு 1783இல் மதிப்பிருக்கவில்லை. இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அச்சொல் நிறைவேறாதிருப்பதற்கு, அறியாமையைக் காரணங்காட்ட இன்று எவராலும் இயலாது.