கேள்வியைத் திருத்திய மாணவர்கள்: ஸ்டான்ஃபோர்டின் பாதுகாப்புப் பாடம்

2016ஆம் ஆண்டின் இளவேனில் பருவத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'ஹேக்கிங் ஃபார் டிஃபென்ஸ்' என்னும் பாடம் தொடங்கியது. தொழில்முனைவோரான ஸ்டீவ் பிளாங்க், ஓய்வுபெற்ற ராணுவக் கர்னல்கள் பீட் நியூவெல், ஜோ ஃபெல்டர் ஆகியோர் இதை உருவாக்கினர். பாதுகாப்புத் துறையினர் தங்கள் உண்மையான சிக்கல்களை முன்வைப்பார்கள். மாணவர் குழுக்கள் பத்து வாரங்களில் முன்மாதிரிகளைச் செய்து பார்த்துத் தீர்வு காண வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் ஃபிரெடரிக் டெர்மன், இரண்டாம் உலகப் போரின்போது எதிரி ரேடார்களைக் குழப்பும் வழிகளை ஆராய்ந்த ஹார்வர்டு ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். போருக்குப் பின் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பி மின்னணுவியல் ஆய்வை வளர்த்தார். ஆனால் வியட்நாம் போர்க்காலத்தில் நிலை மாறியது. 1969இல் மாணவர்கள் ஓர் ஆய்வுக்கூடத்தைக் கைப்பற்றி, ரகசிய ராணுவ ஆய்வுகளை எதிர்த்துப் போராடினர். அதன்பின் அத்தகைய ஆய்வுகள் வளாகத்தை விட்டு விலகின. எனவே புதிய பாடத்தில் ரகசியமல்லாத சிக்கல்களே எடுத்துக்கொள்ளப்பட்டன.

பாடத்தின் அடிப்படை, பிளாங்க் 2011இல் புதுத்தொழில் தொடங்குவோருக்காக வகுத்த கற்பித்தல் முறை. ஒவ்வொரு குழுவும் வாரத்துக்குச் சுமார் பத்துப் பேரை, பருவ முடிவுக்குள் ஏறத்தாழ நூறு பேரைச் சந்தித்துப் பேச வேண்டும். எளிய முன்மாதிரியைக் காட்டி, குறை கேட்டு, மீண்டும் திருத்த வேண்டும்.

'அக்வாலிங்க்' குழுவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. கடற்படை முக்குளிப்பு வீரர்களின் உடல்நிலையைக் கண்காணிக்கும் கருவியே அவர்களுக்குத் தரப்பட்ட பணி. வீரர்களிடமே பேசியபோது வேறொரு தேவை தெரிந்தது. நீருக்கடியில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவர்களால் துல்லியமாக அறிய முடியவில்லை. ஜிபிஎஸ் சமிக்ஞை நீருக்குள் எட்டாது. மேலே வந்தால் எதிரியின் கண்ணில் படுவார்கள். ஆகவே குழு, வீரர் கீழேயே இருக்க, மேலே அனுப்பித் திரும்ப இழுத்துக்கொள்ளும் சிறு ஜிபிஎஸ் மிதவையை நோக்கித் திரும்பியது.

அதே முதல் வகுப்பிலிருந்து வளர்ந்த கேப்பெல்லா ஸ்பேஸ் நிறுவனம், மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் படமெடுக்கும் தன் முதல் ரேடார் செயற்கைக்கோளை 2018இல் விண்ணில் செலுத்தியது. பின்னர் இப்பாடம் வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

தேர்வுத்தாளில் உள்ள கேள்வியைச் சரியென்று ஏற்றுக்கொண்டே நாம் விடை எழுதப் பழகியிருக்கிறோம். பயன்படுத்துபவரிடம் போய்க் கேட்டால் கேள்வியே தவறாக இருக்கலாம் என்பதை இம்மாணவர்கள் கண்டார்கள். கல்விக்கூடம் போர்க்கருவிக்கு எவ்வளவு உதவலாம் என்று 1969இல் எழுந்த கேள்வி மட்டும் இன்னும் விடை காணாமல் நிற்கிறது.