உண்பதற்கல்லாத உணவு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நியூயார்க்கில் தம்பியின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அவன் குடியிருப்பது குவீன்ஸ் பகுதியில். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிச் சிறிய பியர் கடை ஒன்று உண்டு. வெளியூர்க்காரர் எவரும் தேடி வராத, அக்கம்பக்கத்தார் மட்டும் மாலையில் வந்து அமரும் இடம். "அண்ணே, அங்க பர்கர் நல்லா இருக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்று ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப் போனான்.

பியரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் குவளை சரியான குளிர்ச்சியில், நுரையின் உயரம்கூட அளந்து ஊற்றியதுபோல் வந்தது. பிறகு பர்கர் வந்தது. ரொட்டியின் மேற்பாதி குளிர்ந்து விறைத்திருந்தது. அடிப்பாதி ஈரத்தில் ஊறிக் கையிலேயே கிழிந்தது. நடுவிலிருந்த இறைச்சி வட்டம் சாம்பல் நிறத்தில், ஓரம் பிசகாத வட்டமாக, அச்சில் வார்த்த நாணயம்போல் இருந்தது. மென்றால் உப்பு தெரிந்தது, இறைச்சி தெரியவில்லை. மேலே வைத்த பாலாடைக்கட்டி உருகவும் மறுத்து, உருகாமலிருக்கவும் மறுத்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பாதியில் நிறுத்திவிட்டோம்.

தட்டை எடுக்க வந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். தம்பி தயங்கித் தயங்கிக் குறையைச் சொன்னான். அவர் கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "இங்கே யார் சாப்பிட வருகிறார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டுகளோடு உள்ளே போனார்.

அந்தக் கேள்வி என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. சாப்பிட யாரும் வராத இடத்தில் சாப்பாடு எதற்காகச் சமைக்கப்படுகிறது? கேள்வி வேடிக்கையானதுதான். ஆனால் அதே நியூயார்க்கின் வரலாற்றில் அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் முழுக்க வேடிக்கையானதல்ல.

*

அமெரிக்காவில் பழைய மதுக்கடைக்குப் பெயர் சலூன். நம் ஊரில் அச்சொல் முடிதிருத்தகத்துக்குப் போய்விட்டதால் வாசகர்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சலூன்களில் 'இலவச மதிய உணவு' என்றொரு வழக்கம் பரவியிருந்தது. ஒரு குவளை பியர் வாங்கினால், மேடையில் பரப்பி வைத்திருக்கும் உணவை வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளலாம். 1889-இல் சான்பிரான்சிஸ்கோ வழியாகப் பயணம் செய்த ருட்யார்ட் கிப்ளிங் இதைக் கண்டு வியந்து, அந்நகரில் ஒருவன் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான செலவில் வயிறார உண்டுவிடலாம் என்று எழுதினார். இந்தியாவிலிருந்து போனவராதலால் கணக்கு ரூபாயிலேயே வந்தது.

இலவசம் என்பதில் ஒரு கணக்கு இருந்தது. உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி என்று மேடையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை தாகத்தை மூட்டுபவை. ஐந்து சென்ட் பியரின் விலையில் உணவின் விலை அடங்காது. அதைத் தொடர்ந்து வாங்கும் இரண்டாவது, மூன்றாவது குவளைகளில் அடங்கிவிடும். பெரும்பாலான சலூன்களுக்குப் பின்னால் ஏதேனும் ஒரு பியர் ஆலையின் முதலீடு இருந்தது. ஆலைக்கு வேண்டியது பியர் விற்பனை. ஆக, அந்த உணவின் உண்மையான நுகர்வோர் தொழிலாளி அல்லர், அவருடைய தாகம். நாம் சோற்றுக்குக் கறியைத் தொட்டுக்கொள்கிறோம். அங்கே மதுவுக்கு உணவைத் தொட்டுக்கொண்டார்கள்.

ஆயினும் அந்த உணவு உண்ணத்தக்கதாகவே இருந்தது. பசித்த மனிதர்கள் உண்டார்கள். உண்ணவே தகாத உணவு வருவதற்குச் சட்டம் தலையிட வேண்டியிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்பது நியூயார்க்கில் பழைய விதி. நடைமுறையில் முன்கதவு மூடியிருக்கும், பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். காவலருக்கு உரியது போய்ச் சேரும். 1895-இல் நகரக் காவல் ஆணையத்தின் தலைவராக வந்த தியோடர் ரூஸ்வெல்ட் (பின்னாளில் குடியரசுத் தலைவரானவர்) இந்த விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்ற முனைந்தார். சட்டம் இருக்கிறதென்றால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு நாள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஞாயிறு மாலை பியர் தோட்டத்தில் அமர்வது பண்பாட்டின் ஒரு பகுதி. செல்வந்தர்களுக்குத் தடையேதும் இல்லை; அவர்களுடைய தனியார் கிளப்புகள் திறந்தே இருந்தன.

அடுத்த ஆண்டு, 1896 மார்ச்சில், மாநிலச் சட்டமன்றம் புதிய மதுச்சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்த செனட்டர் ஜான் ரெயின்ஸ் வடமேற்கிலுள்ள கானண்டைகுவா என்ற சிற்றூரைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர். 'ரெயின்ஸ் சட்டம்' என்றே அது பெயர்பெற்றது. உரிமக் கட்டணம் நியூயார்க் நகரில் 800 டாலர் ஆனது. உரிமம் வழங்கும் அதிகாரம் நகரத்திடமிருந்து மாநிலத்துக்குப் போனது. இலவச உணவும் தடை செய்யப்பட்டது. ஞாயிறு விற்பனைத் தடைக்கு ஒரே ஒரு விலக்கு: குறைந்தது பத்துப் படுக்கையறைகள் கொண்ட தங்கும் விடுதிகள் தம் விருந்தினருக்கு உணவோடு சேர்த்து மது வழங்கலாம்.

விலக்கு எழுதியவர்கள் பெரிய விடுதிகளில் இரவுணவுக்குத் திராட்சை மது அருந்தும் கனவான்களை நினைத்து எழுதியிருப்பார்கள். சலூன்காரர்கள் அதை வேறுவிதமாகப் படித்தார்கள். மாடியிலும் பின்கட்டிலும் மெல்லிய பலகைகளால் தடுத்துப் பத்து அறைகள் உண்டாக்கினார்கள், கடை விடுதியாகிவிட்டது. இனி உணவு வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் 'ரெயின்ஸ் சாண்ட்விச்'.

சட்டத்துக்கு உணவு மேசை மேல் இருந்தால் போதும். அதை யாரேனும் தின்றார்களா என்று சட்டம் கேட்கவில்லை. எனவே ஒரே சாண்ட்விச் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு, அங்கிருந்து அடுத்த வாடிக்கையாளருக்கு என்று நாள் முழுவதும் பயணம் செய்தது. புதிதாக வந்தவர் தெரியாமல் கடித்துவிடும் அபாயம் இருந்ததால், சில கடைகளில் கடிக்கவே முடியாத பொருள்களால் அதைச் செய்தார்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒரு செங்கல் வைத்த சாண்ட்விச்சைப் பற்றி, ஏழைகளின் குடியிருப்புகளைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற ஜேக்கப் ரீஸ் எழுதியிருக்கிறார்.

யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகம் படித்தவர்களுக்கு இந்தச் சாண்ட்விச் அறிமுகமாகியிருக்கும். 1939-இல் எழுதி 1946-இல் மேடையேறிய அந்நாடகம் நிகழும் ஆண்டு 1912. இடம், ஹாரி ஹோப் என்பவரின் ரெயின்ஸ் சட்ட விடுதி. ஓநீலே இளமையில் அத்தகைய மலிவு விடுதிகளில் கிடந்தவர். மேசை தோறும் தூசு படிந்து உலர்ந்துபோன ஒரு சாண்ட்விச் இருப்பதை அரங்கக் குறிப்பிலேயே ஏளனத்தோடு எழுதிவைத்தார். பொய்க் கனவுகளைப் பற்றிக்கொண்டு நாள் கடத்தும் மனிதர்களின் நாடகம் அது. உணவின் தோற்றம் மட்டும் கொண்ட ஒரு பொருள் அந்த மேசைகளில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

இதுவரை சிரிக்கலாம். ஆனால் சாண்ட்விச்சுக்கு மேலே, மாடியில், பத்து அறைகள் இருந்தன.

800 டாலர் கட்டணம் கட்டி, பத்து அறைகள் கட்டிய சலூன்காரருக்கு அந்த அறைகள் வாடகை ஈட்ட வேண்டும். அக்கம்பக்கத்துக் குடிகாரர் எவருக்கும் தங்க அறை தேவையில்லை. வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. மணிக்கணக்கில் அறை வேண்டியவர்கள் வேறு. சில ஆண்டுகளில் நகரெங்கும் இந்த விடுதிகள் விபசாரத்தின் இருப்பிடங்களாயின. ஒழுக்கத்தைக் காக்க வந்த சட்டம், குடும்பங்கள் வாழும் தெருக்களின் நடுவில் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. 1900-இல் 'பதினைவர் குழு' என்ற குடிமக்கள் அமைப்பு நகரின் விபசாரத்தை ஆராயத் தோன்றியது. 1905-இல் தோன்றிய 'பதினால்வர் குழு'வின் முதல் நோக்கமே ரெயின்ஸ் சட்ட விடுதிகளை ஒழிப்பது. செங்கல் சாண்ட்விச்சை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த அறைகளில் வாழ்ந்த பெண்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை.

*

1920 ஜனவரியில் நாடு தழுவிய மதுவிலக்கு வந்தது; சலூன் மறைந்தது. அது மறைந்திருந்த காலத்தில் வேறொன்று வளர்ந்தது. 1921-இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிடா நகரில் ஒயிட் காசில் என்ற கடை சிறிய, சதுரமான ஹாம்பர்கர்களை ஐந்து சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியது. அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் 1906-இல் வெளியான பின், அரைத்த இறைச்சி என்றாலே அஞ்சிய மக்களுக்கு வெள்ளைச் சுவர்களைக் காட்டி நம்பிக்கை ஊட்டினார்கள். பழைய சலூன் பியரின் அதே ஐந்து சென்ட் என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

1933 டிசம்பரில் விலக்கு நீங்கியபோது, பழைய சலூன் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதில் பல மாநிலங்கள் கவனமாக இருந்தன. குடிக்க மட்டுமான இடம் ஆபத்தானது, உண்ணும் இடத்தில் குடித்தால் குற்றமில்லை என்பது பொதுவான எண்ணம். பல மாநிலங்களில் மது உரிமத்தோடு உணவும் கட்டாயமாயிற்று. நியூயார்க்கின் மதுச்சட்டத்தில், மதுக்கடை உணவு வைத்திருக்க வேண்டும் என்ற விதிக்கு ஒரு விளக்கமும் உண்டு: சாண்ட்விச், சூப் போன்றவை இருந்தால் போதும், அவை புதிதாகச் சமைத்தவையாகவோ, முன்பே சமைத்தவையாகவோ, உறையவைத்தவையாகவோ இருக்கலாம். இந்த வரியைப் படித்தபோது குவீன்ஸ் கடையின் இறைச்சி வட்டம் என் கண்முன் வந்து நின்றது. உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடான தகட்டில் போட்டால் சில நிமிடங்களில் ஆகிவிடும். தனியே ஒரு சமையற்காரர் வேண்டாம். ஒரு கையால் தின்னலாம், மறு கை குவளைக்கு. மதுக்கடைக்கு இதைவிட வசதியான பண்டம் இல்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்லாவிட்டால் கடைக்காரருக்கு அநீதி. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத ஹாம்பர்கரிலிருந்த ஈ.கோலி கிருமியால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். அரைத்த இறைச்சியில் கிருமி மேற்பரப்போடு நிற்காமல் உள்ளெங்கும் கலந்துவிடும். அதனால் உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது இன்று வீட்டுச் சமையலுக்கான அரசின் அறிவுரை. அந்த வெப்பத்தில் மெல்லிய, கொழுப்புக் குறைந்த வட்டம் சாறிழந்து சாம்பல் நிறமாகத்தான் ஆகும். கெட்டிக்கார சமையற்காரர் கொழுப்பைக் கூட்டி, தகட்டின் சூட்டை ஏற்றி இதைச் சமாளிப்பார். அத்தகையவர் அங்கே இல்லை என்பதுதான் சிக்கல்.

பழைய நாடகம் அண்மையில் மீண்டும் அரங்கேறியது. 2020 ஜூலையில், பெருந்தொற்றுக் காலத்தில், நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ உணவு வாங்குவோருக்கு மட்டுமே மது என்று ஆணையிட்டார். சரட்டோகா ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு கடை 'குவோமோ சிப்ஸ்' என்ற பெயரில் ஒரு டாலருக்கு வறுவல் விற்றது. சிப்ஸ் உணவாகாது என்று அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில், இறைச்சி பொதிந்த முட்டை ஒன்று 'கணிசமான உணவு' ஆகுமா என்று அமைச்சர்கள் பொதுவில் வாதாடினார்கள். 2021 ஏப்ரலில் நியூயார்க் சட்டமன்றம் அந்த ஆணையை நீக்கியது. கிருமியின் பரவலைத் தடுக்கும் நோக்கம் உண்மையானதுதான். ஆனால் உணவு மறுபடியும் அனுமதிச்சீட்டாக மாறியது.

*

மதுக்கடையில் நல்ல உணவு சாத்தியமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1991-இல் லண்டனில் 'தி ஈகிள்' என்ற பழைய மதுக்கடையை இருவர் எடுத்து நடத்தி, அடுக்களைக்கும் சமமான இடம் கொடுத்தார்கள். 'காஸ்ட்ரோபப்' என்ற சொல்லே அங்கிருந்து பிறந்தது. அந்த வழியில் 2004-இல் நியூயார்க்கில் திறந்த 'தி ஸ்பாட்டட் பிக்' 2020-இல் மூடப்படும் வரை பர்கருக்காகவே பெயர்பெற்றிருந்தது. அதே பியர், அதே இறைச்சி, அதே தகடு. உண்ண ஒருவர் வருவார் என்று அங்கே சமைத்தவர் நம்பினார் என்பதுதான் வேறுபாடு.

குவீன்ஸ் கடைக்காரர் என் கேள்விக்குத் தன்னையறியாமல் பதில் சொல்லியிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய பர்கருக்கு ஒரு வம்சாவளி உண்டு: தாகத்துக்காக வைத்த உணவு, சட்டத்துக்காக வைத்த உணவு, உரிமத்துக்காக வைத்த உணவு. அதன் மூதாதை ஒன்று செங்கல். அந்த வரிசையில் பார்த்தால் எங்கள் தட்டுக்கு வந்தது பெரிய முன்னேற்றம்தான். பாதியாவது தின்ன முடிந்ததே.

ஊருக்குத் திரும்புமுன் அந்தக் கடைக்கு இன்னொரு முறை போனோம். "சாப்பிட்டுட்டே போயிரலாம்ணே" என்றான் தம்பி. அன்று பியர் மட்டும் வாங்கினோம். அவர் எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். உணவுப் பட்டியலை எடுத்து நீட்டவில்லை.