மிதிவண்டியும் மனநலமும்

மிதிவண்டி ஓட்டுவோரிடம் மன அழுத்தமும் மனச்சோர்வும் குறைந்து காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. உடற்பயிற்சியால் வரும் பலன் இதில் ஒரு பங்குதான். யார் தயவையும் எதிர்பாராமல் நினைத்த நேரத்தில் வேண்டிய இடத்துக்குப் போய்வர முடிவது மனத்துக்குத் தரும் தெம்பு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தின் அனுபவம் இதை நன்றாக விளக்குகிறது.

உடலில் நிகழ்வது: பெடல் மிதிக்கும்போது தொடை, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகள் ஒரே சீராக இயங்குகின்றன. உடல் எடையில் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால், ஓட முடியாதவர்கூட நெடுநேரம் மிதிக்கலாம். இதயத்துடிப்பு உயர்ந்து மூளைக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பயிற்சிக்குப் பின் வரும் உற்சாகத்துக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. இரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் எளிதில் மூளைக்குள் புகாது என்பதால், உடலே உண்டாக்கும் எண்டோகன்னாபினாய்டு என்னும் வேதிப்பொருள்களை இன்றைய ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்கிறார்கள்.

ஆய்வுகள்: அமெரிக்காவில் 12 லட்சம் பேரின் தகவல்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்தது. மனம் சரியில்லாத நாள்கள் மாதத்தில் எத்தனை என்பதே அதில் கேட்கப்பட்ட கேள்வி. உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், மிதிவண்டி ஓட்டியவர்களிடம் அந்த நாள்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. குழு விளையாட்டுகளுக்கு அடுத்த இடம் மிதிவண்டிக்குக் கிடைத்தது. ஆனால் மனம் நன்றாக இருப்பவர்களே வண்டியை எடுக்கிறார்களோ என்ற ஐயத்துக்கு இவ்வகை ஆய்வு விடை தராது. எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. வீட்டுக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் இடையிலான தொலைவை அளவுகோலாகக் கொண்டு, மிதிவண்டியில் வேலைக்குப் போவோருக்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்துச் சீட்டுகள் சுமார் 15 விழுக்காடு குறைவதாக அது மதிப்பிட்டது.

ரெடிங் பல்கலைக்கழகத்தின் 2019-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவையானது. 50 வயதைக் கடந்தவர்கள் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை, அரைமணி நேரம் வண்டி ஓட்டினார்கள். சிலருக்குச் சாதாரண மிதிவண்டி, சிலருக்கு மின்மோட்டார் துணையுடன் ஓடும் மிதிவண்டி. உழைப்பு குறைவான மின்மிதிவண்டிக் குழுவினரிடமும் மனநலம் மேம்பட்டது. வியர்வையின் அளவை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. வீட்டை விட்டு வெளியே வந்ததும், மேடு வந்தாலும் ஏறிவிடலாம் என்ற துணிவும் சேர்ந்தே வேலை செய்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டை: 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாகக் கிராமப்புறப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதை முன்னின்று ஊக்குவித்து, பெண்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றார்கள். பெண்களுக்கான வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம் என்று ஒரே நடையில் வேலை முடிந்தது. வழியில் கேட்ட ஏளனப் பேச்சு அவர்களை நிறுத்தவில்லை. இதை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாகக் குறிப்பிடுகிறார்.

பேருந்துக்கும், வீட்டு ஆண்களின் வசதிக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. வருமானத்தைவிட, தன்னம்பிக்கையையும் தன்மானத்தையுமே அப்பெண்கள் பெரிதாகப் பேசினார்கள். ஜாம்பியாவில் தொலைவிலிருந்து பள்ளிக்கு நடந்துவரும் மாணவிகளுக்கு மிதிவண்டி கொடுத்து நடத்திய ஆய்விலும், தம் வாழ்க்கை தம் பிடியில் இருக்கிறது என்ற உணர்வு அவர்களிடம் கூடியிருந்தது. மனச்சோர்வின் ஆணிவேர்களில் ஒன்று கையறு நிலை என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும்.

வரம்புகள்: கடுமையான மனச்சோர்வுக்கு மிதிவண்டி மருத்துவம் ஆகாது, சிகிச்சைக்குத் துணையாக மட்டுமே கொள்ளத்தக்கது. பொருந்தாத உயரத்தில் இருக்கை இருந்தால் முழங்கால் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். லாரியும் பேருந்தும் உரசிச் செல்லும் சாலையில் ஓட்டுபவருக்கு அமைதிக்குப் பதில் அச்சமே மிஞ்சும். மேற்கண்ட எடின்பரோ ஆய்வு மிதிவண்டிப் பாதையின் அருகில் வசித்தவர்களைப் பற்றியது. நம் ஊர்களில் பள்ளி மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அதை அச்சமின்றி ஓட்டத் தனிப் பாதைதான் பெரும்பாலான சாலைகளில் இன்னும் இல்லை.