பதுளை மேடையும் மந்திரி பதவியும்

1940ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி பதுளை நகரில் ஒரு கூட்டம் நடந்தது. சமசமாஜிகள் பேசக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருந்தது. தடையை மீறியே கூட்டம் நடந்தது. சுற்றிலுமுள்ள மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கிவந்த தொழிலாளர் பெருந்திரளாக நின்றனர். அவர்கள் முன் எழுந்து பேசியவர், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றவரும், அரசாங்க சபை உறுப்பினரும், 35 வயது நிரம்பாதவருமான என். எம். பெரேரா. பொலிஸாரால் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை.

24 ஆண்டுகள் கழிந்து, 1964 அக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். மலையகத்தில் நாடற்றவராக நின்ற 975,000 மக்களை இரு அரசாங்கங்களும் பங்கிட்டுக் கொண்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அந்த மக்களை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அன்று இலங்கையின் நிதி மந்திரியாக இருந்தவர் அதே கலாநிதி என். எம். பெரேரா.

ஒருவரைத் தூற்றுவதற்காக இந்த இரண்டு நாட்களையும் நாம் அருகருகே வைக்கவில்லை. பதுளை மேடையிலிருந்து மந்திரி பதவிக்குச் சென்ற பாதையில் தோட்டத் தொழிலாளி எந்த இடத்தில் விடுபட்டுப் போனான் என்று கண்டறிவதே நம் நோக்கம்.

1940ஐ முதலில் நோக்குவோம். தோட்டம் அன்று தனி இராச்சியமாக இருந்தது. துரையின் சொல்லே சட்டம். கங்காணியின் கடனே விலங்கு. வெளியார் லயத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. இந்த இருளில் முதற் சங்கத்தைக் கட்ட முயன்றவர் கோ. நடேசையர். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. லங்கா சமசமாஜக் கட்சியும் தோட்டங்களுக்குள் நுழைந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். அதனை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் முன் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் கட்சியின் மற்றொரு தலைவரான கொல்வின் ஆர். டி சில்வா.

வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியது. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே காரியங்களை நடத்தத் துரையும் இசைய வேண்டியதாயிற்று. அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்தனர். மே 12ஆம் திகதிக் கூட்டத்தின் பின்னணி இதுதான். பிரித்தானிய அரசு பொறுக்கவில்லை. ஜூன் 18ஆம் திகதி என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கைதாயினர். கொல்வினும் உடன் சிறைப்பட்டார். 1942 ஏப்ரலில் அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பி, கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்று தலைமறைவாகப் பணியாற்றினர். அவர்களுடைய தியாகத்தை எவரும் மறுக்கவியலாது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணை நின்றன. ஆளும் வர்க்கம் இக்கணக்கை நன்றாகப் படித்துக்கொண்டது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் சமசமாஜிகள் இச்சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தனர். எனினும் 1948இல் விழுந்த அடி தமிழ்த் தொழிலாளியின் மேல் மட்டும் விழவில்லை. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் ஒரு காலையும் அது முறித்தது. நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தைப் படைத்த மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் தேர்தல் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டது. அதன்பின் நாடாளுமன்றப் பாதையை நம்பிய எந்தக் கட்சிக்கும் வாக்குள்ளவனின் கோபமே கணக்கில் நின்றது.

சோஷலிஸ்ட் ஒருவர் முதலாளித்துவ மந்திரி சபையில் அமரலாமா என்ற கேள்வி இலங்கையில் பிறந்ததன்று. 1899 ஜூன் மாதம் பிரான்ஸில் அலெக்ஸாந்தர் மில்லெரான் வர்த்தக மந்திரியானார். அதே சபையில் யுத்த மந்திரியாக இருந்தவர், 1871இல் பாரிஸ் கம்யூனை இரத்தத்தில் மூழ்கடித்த தளபதிகளுள் ஒருவரான கலிபே. குடியரசைக் காக்க இது தேவையென்றார் ஜோரே. வர்க்கத் துரோகமென்றார் கேத். 1900இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாட்டையே இவ்விவாதம் உலுக்கியது. மில்லெரான் வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டம் கொண்டுவந்தார் என்பது உண்மை. 1904இல் தம் இயக்கத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார் என்பதும், 1920இல் பிரதம மந்திரியாக இருந்து ரயில்வேத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முறியடித்தார் என்பதும் உண்மையே.

பெரேரா மில்லெரான் அல்லர். அவர் வலதுசாரி முகாமுக்குப் போகவில்லை. வேலைநிறுத்தங்களை உடைத்துப் புகழ் தேடவுமில்லை. ஆனால் இருவரும் நின்ற வாசல் ஒன்றே. 1963இல் இடதுசாரிக் கட்சிகள் ஐக்கிய முன்னணி அமைத்தன. தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி 21 கோரிக்கைகளை வைத்தன. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி அந்த வழியை விட்டுச் சிறிமாவோவின் அரசாங்கத்தில் மூன்று மந்திரி பதவிகளை ஏற்றது. எட்மண்ட் சமரக்கொடி முதலியோர் கட்சியைவிட்டு வெளியேறினர். நான்காம் அகிலம் கட்சியுடன் உறவை முறித்தது.

நான்கு மாதங்களில் புதுடில்லி ஒப்பந்தம் வந்தது. அதன் பொருட்டுக் கட்சி ஆட்சியிலிருந்து விலகவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான ஐந்தாவது வாரத்தில், டிசம்பர் 3ஆம் திகதி, ஒரே ஒரு வாக்கினால் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தோற்றது. அரசாங்கம் விழுந்தது, ஒப்பந்தம் விழவில்லை. ஊவா மலைகளிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் பெட்டி படுக்கைகளுடன் ரயிலேறித் தலைமன்னாருக்குச் சென்றன. வழியனுப்ப வந்தோர் அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

1970இல் பெரேரா மீண்டும் நிதி மந்திரியானார். கொல்வின் பெருந்தோட்டத் துறை மந்திரியானார். 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பையும் அவரே முன்னின்று ஆக்கினார். சிறுபான்மையோருக்குப் பெயரளவிலேனும் காப்பாயிருந்த 29ஆம் பிரிவு அந்த யாப்பில் இடம்பெறவில்லை. 1972இல் நிலச் சீர்திருத்தம் வந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பதுளை மேடையில் நின்றவர்கள் கனவு கண்ட காரியமன்றோ இது? ஆனால் அது நடந்தேறுவதற்குச் சற்று முன், 1975 செப்டம்பரில், சமசமாஜ மந்திரிகள் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். அதற்கு முன்பே, 1973, 1974ஆம் ஆண்டுகளில், லயங்களைப் பஞ்சம் சூறையாடியது. பட்டினியால் மடிந்தோர் பலர். தோட்டம் அரசின் கைக்கு மாறியது. தோட்டத்தில் உழைத்தவனோ பெருமளவில் நாடற்றவனாகவே இருந்தான். பல இடங்களில் லயங்களைவிட்டு விரட்டப்பட்டான். 1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1979 ஆகஸ்டில் பெரேரா காலமானார். நாடற்ற நிலைக்கு முடிவு காணும் சட்டங்கள் 1988இலும் 2003இலும்தான் வந்தன.

பதவி அவரைக் கெடுத்தது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. தனக்கென எதையும் சேர்க்காத மனிதரும் இப்படிப்பட்ட அரசாங்கத்தில் இருக்க நேர்ந்தது ஏன் என்பதே கேள்வி. வாக்கில்லாதவனுக்காக மந்திரி சபைக்குள்ளிருந்து போராட, வெளியே அவனுடைய அணிதிரண்ட பலம் வேண்டும். 1940இல் அது வெவெஸ்ஸவில் இருந்தது. தொழிலாளர் தேர்ந்த சபை துரையையே இணங்க வைத்தது. வாக்குச் சீட்டு இல்லாமலே வைத்தது. சட்டத்தால் வாக்குப் பறிபோன பின், அந்தப் பலத்தை மீண்டும் கட்டுவதே இடதுசாரிகளின் முதற்கடமையாக இருந்திருக்க வேண்டும். அதைவிட்டுப் பெரும்பான்மை வாக்கின் வழியே சோஷலிசத்துக்குக் குறுக்குப் பாதை தேடியபோது, அப்பாதையில் லயத்து மனிதனுக்கு இடமில்லாமற் போயிற்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் என். எம். பெரேராவின் வாழ்வைப் படிக்கவேண்டும். பதுளைக் கூட்டத்தை மட்டும் படித்தால் பக்தி வரும். புதுடில்லி ஒப்பந்தத்தை மட்டும் படித்தால் வெறுப்பு வரும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் வரும்.