முப்பதாண்டுக்குப் பின் கூடிய இரு பெயர்கள்

அரபு மொழியில் 'ஸுல்ஹ்' என்றொரு சொல் உண்டு. பிரிந்தோர் உடன்பட்டுக் கூடுவதை அது குறிக்கும். சீர்படுத்துதலைக் குறிக்கும் 'இஸ்லாஹ்' என்பதும், நல்லோரைக் குறிக்கும் 'ஸாலிஹ்' என்பதும் அதே வேரில் கிளைத்தவையே. மாணவர்க்கு இச்சொற்களை விளக்கும்போதெல்லாம் தமிழ்த் திரையிசை வரலாற்றின் நிகழ்ச்சி ஒன்று என் நினைவில் எழும். இசை ஆகுமா, ஆகாதா என்னும் விவாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. இருவர் பிரிந்து கூடிய வரலாறே இங்குப் பொருள்.

எங்கள் வடமதுரை வழியே வடக்கு நோக்கிச் செல்லும் சாலை திருச்சிராப்பள்ளியை அடைகிறது. அந்நகரில் 1922-இல் பிறந்தவர் வயலின் வித்தகர் டி.கே. ராமமூர்த்தி. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். இருவரும் சி.ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் பணியாற்றியவர்கள். 1952-இல் அவர் இளவயதிலேயே மறைந்தபோது, எஞ்சிய பணிகளை நிறைவேற்றும் பொறுப்பு இவர்கள் மேல் விழுந்தது. அவ்வாண்டே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இருவர் பெயரும் இணைந்தன. ராமமூர்த்தி ஆறாண்டு மூத்தவர். ஆயினும் விஸ்வநாதன் பெயரே முன்னின்றது. மூத்தவர் பின்னிற்க இசைந்ததில்தான் அக்கூட்டு நிலைபெற்றது எனலாம். 1963-இல் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் இருவரையும் சேர்ந்தது.

இவ்விருவரையும் முஸ்லிம் இல்லங்கள் மறவாமைக்குத் தனிக் காரணம் உண்டு. 1961-இல் வெளியான 'பாவமன்னிப்பு' படத்தில், நாகூர் இ.எம். ஹனீபாவையும் டி.எம். சௌந்தரராஜனையும் ஒரே பாடலில் இவர்கள் சேர்த்துப் பாட வைத்தனர். எங்கள் ஊரில் நிக்காஹ் வீட்டு ஒலிபெருக்கியில் அப்பாடல் ஒலிக்காத நாள் அருமை. பெருமாள் கோயில் தெருவாரும் அதைத் தம்முடையதாகவே கேட்டனர்.

1965-இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு அக்கூட்டு முறிந்தது. ராமமூர்த்தி 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா' முதலிய படங்களுக்குத் தனித்து இசையமைத்தார். எனினும் அவருக்கு வாய்ப்புகள் சுருங்கின. விஸ்வநாதனோ நூற்றுக்கணக்கான படங்களில் புகழ் நாட்டினார்.

முப்பதாண்டுகள் சென்றன. 1995-இல் சந்தானபாரதி இயக்கி, சத்யராஜ் நடித்த 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் இருவர் பெயரும் மீண்டும் இணைந்து வந்தன. 'ரோஜா' வெளிவந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கேட்போர் செவி ஏ.ஆர். ரஹ்மானின் ஒலியில் தோய்ந்திருந்தது. முதியோர் இருவரின் புதிய பாடல்கள் பழைய பாடல்களைப்போல் நாட்டை ஆளவில்லை. அதனால் அக்கூடல் வீணாயிற்று என்பார் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை.

அதே 1995-இல் கடல் கடந்தும் ஒரு கூடல் நிகழ்ந்தது. 1970-இல் பிரிந்த ஆங்கிலேயப் பாடகர் குழுவான பீட்டில்ஸில் எஞ்சிய மூவர் மீண்டும் ஒன்றுகூடிப் புதிய பாடல் ஒன்றை வெளியிட்டனர். நால்வரில் ஒருவரான ஜான் லெனன் 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் முன்னர்ப் பதிந்து வைத்த ஒலிநாடாவோடு மற்றவர்கள் தம் குரலைச் சேர்த்தனர். நாடா பாடும், கை நீட்டினால் பற்றிக்கொள்ளாது. நம் இருவருக்கோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மெட்டமைக்கும் பேறு வாய்த்தது. பாடல் வென்றதா என்பதினும் பெரிது இது.

2012-இல் தமிழக அரசு இருவருக்கும் ஒருசேரத் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டம் வழங்கிற்று. மறு ஆண்டு ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஏப்ரலில் ஹனீபாவும், ஜூலையில் விஸ்வநாதனும் மறைந்தனர்.

முஸ்லிம் ஒருவர் தம் சகோதரரோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருத்தல் ஆகாது என்பது நம் மார்க்க நெறி. ஆயினும் கூட்டு வாணிகம் பிரிந்த நாள் முதல் ஒருவர் வாசலை ஒருவர் மிதியாத உடன்பிறந்தார் நம் ஊர்களில் எத்தனை பேர்! பழைய இலாபம் இனி வருமா என்று கணக்குப் பார்த்தே அவர்கள் காலம் கடத்துகின்றனர். ஜனாஸாவின் அருகில் நின்று அழுவது ஸுல்ஹ் ஆகாது. இருவரும் உயிரோடிருக்கையிலேயே ஒருவர் எழுந்து மற்றவர் வாசலுக்குச் செல்லட்டும்.